ஆச்சி நேர்ந்த 11 பெட்டி மண்

தம்பிக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து கை கால் வெட்டி இழுத்தபோது, கடலோரத்து உவரியில் இருக்கிற சுயம்புலிங்கசாமிக்கு 11 ஓலைப்பெட்டி கடல்மண் சுமப்பதாக ஆச்சி நேர்ந்துகொண்டாள். அவன் பிழைத்து, வேலைக்கும் போய்விட்டான். ஆச்சிதான் இல்லை. "ஏட்டி, சாமி கடனை வைக்காதிய" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். போன வைகாசி விசாகத்துக்குத்தான் எங்களுக்கு வேளை கூடியது.

திசையன்விளை தாண்டியதும் பனங்காடு, பிறகு உப்புக்காற்று. வண்டியை ஊருக்கு வெளியிலேயே மறித்துவிட்டார்கள். அங்கிருந்து ஆட்டோவுக்குக் கேட்ட காசு வயிற்றெரிச்சல். "சீக்கிரமா சாமி பாக்க வைக்கேன்" என்று ஒருவர் விடாமல் பின்னால் வந்தார். நேர்ச்சைக்கு வந்தவர்களிடமா இப்படி?

அந்தோணியார் கோயிலும் கப்பல் மாதா கோயிலும் எங்கள் சாமியும் இருக்கிற சின்னக் கடலோர ஊர். விசாகத்துக்கு அத்தனை சனமும் அதில்தான். ஊர்க்குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. வெகுநேரம் காத்துப் பிடித்த குடத்தை ஊர்க்காரம்மா ஒருத்தி எங்கள் பக்கம் நகர்த்தி, "புள்ளைய வச்சிருக்கியள்லா, மொதல்ல குடிங்க" என்றாள். அவள் மகராசியாக இருக்க வேண்டும்.

கடல் ஓரத்து ஈரமண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளி, சும்மாடு வைத்துத் தூக்கிவிட்டோம். ஈரமண் என்ன கனம்! முடைச்சல் இடுக்கில் கடல்தண்ணீர் சொட்டி, தம்பியின் கண்ணிலும் பிடரியிலும் வழிந்தது. நாலு பெட்டி வரை ஓட்டமும் நடையுமாகப் போனான். ஏழாவதில் முழங்கால் மடங்கியது. வெயிலில் மணல் உள்ளங்காலைப் பொரித்தது. "மீதிய நான் சொமக்கேம்ல" என்றேன். "வேண்டாங்க்கா, எனக்கு நேர்ந்தது" என்று எழுந்துவிட்டான். பதினோராவது பெட்டியைக் கவிழ்த்ததும், யார் யாரோ சுமந்த மண்ணுக்குள் எங்கள் மண் எது என்றே தெரியவில்லை.

சந்நிதியில் நின்றது அரை நிமிஷம். முன்னொரு காலம் பால்காரர் தன் காலை இடறியதென்று வெட்டிய கடம்ப வேரில் ரத்தமாக வந்து, சந்தனம் பூசியதும் அடங்கினதாகக் கதை சொல்லும் அப்பன், அதே சந்தனத்தோடு இருந்தார். தீபாராதனை காட்டினார்கள். இடிக்கிற கூட்டத்துக்கு நடுவில் தம்பி கைகூப்பி, "ஆச்சி, சொமந்துட்டேன்" என்றான். அப்பனே, அப்பனே என்பது தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

வீடு சேர இரவாகிவிட்டது. பிரசாதச் சந்தனத்தை ஆச்சி படத்தில் வைக்கக் குனிந்தபோது, தம்பியின் தலைமுடியிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. அம்மா அதைக் கூட்டவிடவில்லை.