தேதி அவங்க சொல்லட்டும், நாள் கணக்கு நாம சொல்றோம்

நம்ம சாப்ட்வேர் ஆபீஸ் மொரீஷியஸோட எபேன் சைபர்சிட்டியில, கிளையன்ட் பாரிஸ்ல. ரிலீஸ் தேதி அங்கிருந்துதான் வரும், பெரும்பாலும் பிப்ரவரியில. மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, புயல் எச்சரிக்கை மூணாம் நிலைக்குப் போனா ஆபீஸே பூட்டு. ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாப் போட்டுக் கண்காணிக்கிற ஜிரா மென்பொருளில் தேதி போடுறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகுது?

இப்போ ஒரு ஏற்பாடு. எது முதல்ல வேணும், கடைசித் தேதி எது, இது ரெண்டும் மேலேயிருந்து. வேலையைப் பிரிக்கிறதும் எத்தனை நாள்னு சொல்றதும் செய்றவங்க கையில. பேமென்ட் பக்கத்துக்கு 3 நாள்னு இருந்த கார்டை டெஸ்டிங் பொண்ணு 6 ஆக்கிட்டு, கீழே காரணமும் எழுதிட்டா: வங்கியோட டெஸ்ட் சர்வர் சாயங்காலம் மட்டும்தான் வேலை செய்யுது. எந்த மீட்டிங்கிலயும் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டா.

அதுக்காக முழுசா கீழேயே விட்டாலும் ஆகாது. ஆளாளுக்குப் பிடிச்ச கார்டை எடுத்துப்பாங்க, லாகின் கோளாறு அடியில கிடக்கும். அதனால ஒருத்தர் கையில ஒரே நேரத்துல 2 கார்டுதான். அதைக் கறாராப் பார்க்கிறது மேனேஜர் பொறுப்பு.

(ஜிராவை விட்டுட்டு தனியா எக்செல்ல கணக்கு வச்சுக்கிற ஆட்கள் இன்னும் இருக்காங்க. அவங்களை என்னதான் பண்றது?)