இழுத்துப் பார்த்து வெட்டு

மஸ்கட்டில் என் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு தலையணை உறை நிறைய வெட்டுத்துணி இருக்கிறது. உள்ளங்கை அளவுத் துண்டைக்கூட எறிய எனக்கு மனம் வராது. நாகர்கோவிலில் நம் பள்ளியின் தையல் வகுப்பு தந்த பழக்கம் இது.

1987, ஏழாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் தையல். வடசேரித் தையல் கடைகளில் கேட்டு வாங்கிய துண்டுகளை டீச்சர் நடுவில் கொட்டுவார்: ரவிக்கைக் கழுத்தின் வளைவுகள், அக்குளில் சீவிய பிறைகள், சாரத்தின் (லுங்கியின்) கரை, சீருடை நீலம். நாங்கள் நிறத்தைப் பார்த்துப் பாய்வோம். அவர் விடமாட்டார். "முதலில் இழுத்துப் பாருங்கள், மக்களே" என்பார்.

பாவு வாக்கில், அதாவது தறியில் நீளமாக ஓடும் நூலின் வாக்கில், இழுத்தால் துணி அசையாது. குறுக்கே ஓடும் ஊடை நூலின் வாக்கில் சற்றே இளகும். சாய்வாக, மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாக நீளும். தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. தோவாளையில் பூக்கட்டி வளர்ந்த எனக்குப் புரிய நாளானது.

சிவப்புப் பூப்போட்ட துண்டொன்றைச் சாய்வாக வெட்டி, என் சாப்பாட்டுப் பைக்குக் கைப்பிடி வைத்தேன். சோற்றுப் பாத்திரத்தோடு பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் பிடி நீண்டு, பை முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. அன்று இரவு அழுதேன். டீச்சர் அந்தப் பிடியைப் பிரித்து, நான் தைத்துக்கொண்டிருந்த சுருக்குப்பையின் வட்ட அடியைச் சுற்றிப் பைப்பிங்காக (ஓரப்பட்டியாக) வைத்துத் தைத்தார். ஒரு சுருக்கம் விழவில்லை. "வளைகிற துணிக்கு வளைவில்தான் வேலை" என்றார்.

பையின் வாய்க்குத் தன் கையால் பின்னிய லேஸும் தந்தார். 1820களில் மிஷனரியான மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவில் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த கைவேலை அது. டீச்சருக்குப் பாட்டி வழியாக வந்திருந்தது. அந்தப் பையில்தான் இன்றும் என் தோடுகளை வைத்திருக்கிறேன்.

இப்போது சாய்வுத் துண்டு கிடைத்தால் ஓரங்குலப் பட்டியாக வெட்டி, நிறம் போன பிளாஸ்டிக் வளையலில் பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றிவிடுவேன். வளைவில் படிந்து உட்காரும். நேர்த்துண்டு 20 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் இருந்தால், குழலாகத் தைத்து உள்ளே 8 அங்குல எலாஸ்டிக் கோத்துக் கொண்டைக்கான பேண்ட் ஆக்குவேன். பட்டுக்கு மட்டும் தையலுக்கு வெளியே அரையங்குலம் விட வேண்டும். இழை பிரிந்தால் அத்தனை உழைப்பும் வீண். என் மகளின் தோழிகள் இவற்றைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதில் எனக்கு உள்ள மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் அடுத்த கூடுகையில் நம் பிள்ளைகளுக்குச் சுருக்குப்பை தைக்கச் சொல்லித்தரப் போகிறேன். வருகிறவர்கள் வீட்டிலுள்ள வெட்டுத்துணியைக் கொண்டுவாருங்கள். புதுப் பருத்தியாக இருந்தால் ஒருமுறை தண்ணீரில் அலசிக் காயவைத்து எடுத்துவாருங்கள். தைத்த பிறகு சுருங்கினால் பை கோணிவிடும்.