சுக்கான் மண்

பெங்களூருவில் எங்கள் ஆய்வுக்கூட மேசையில், பல்லடத்து மேட்டு நிலத்திலிருந்து வந்திருந்த மண்கட்டியின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டதும், அது சீறி நுரைத்தது.

அருகிலிருந்த உள்ளூர்ச் செம்மண்ணில் அதே அமிலம் ஓசையின்றி ஊறிப்போயிற்று.

அந்த நுரை கரியமில வாயு. மண்ணில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு, இருப்பதற்கான சாட்சி. கட்டியை உடைத்தபோது, உள்ளே கொண்டைக்கடலை அளவில் வெண்ணிறச் சுக்கான் உருண்டைகள், அதாவது இறுகிய சுண்ணாம்புக் கட்டிகள், கிடந்தன.

மழை குறைந்த மேட்டு நிலங்களில் நீர் சுண்ணாம்பைக் கரைத்துச் சற்று ஆழம் வரை கொண்டுசெல்கிறது. ஆனால் அதை முழுவதுமாக வெளியேற்றும் முன்பே வற்றிவிடுவதால், சுண்ணாம்பு அங்கேயே படிந்து நெடுங்காலமாக இறுகுகிறது.

இப்படிச் சுண்ணாம்பு படிந்த அடுக்கு, அமெரிக்க மண் வகைப்பாட்டில் 'கால்சிக்' அடுக்கு எனப் பெயர் பெற, பொதுவாக 15 செ.மீ. தடிமனும் 15 விழுக்காடு கார்பனேட்டும் வேண்டும். வேறு சில நிபந்தனைகளும் உண்டு.

ஆனால் உழவருக்குப் பெயரைவிட, அந்த அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதே முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கார அமிலநிலை (pH) 8-ஐத் தாண்டும் இம்மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் கரைவதில்லை. நிலக்கடலையின் இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகிறது. மேல் 15 செ.மீ. மண்ணை மட்டும் சோதித்துவிட்டுத் தென்னையோ எலுமிச்சையோ நடுபவருக்கு, வேர் சந்திக்கப்போகும் சுக்கான் தெரியவே வராது.

30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே மண் எடுத்து அனுப்புமாறு, பல்லடத்து மண்கட்டியை அனுப்பிய உழவரிடம் கேட்டிருக்கிறேன்.