அப்பா போட்ட கணக்கு

ரத்தப் பரிசோதனையில் அப்பாவின் பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதத்தின் அளவு, 7.84 என்று வந்தது. 4-ஐத் தாண்டினாலே புற்றுநோயாக இருக்குமோ என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி பண்ணிவிடலாம் என்றார்கள். அப்பா முடியவே முடியாது என்றுவிட்டார்.

காரணம் பெரியப்பா. மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கும் ஏறக்குறைய இதே எண்தான். ஆசனவாய் வழியாக ஊசி விட்டு 12 இடத்தில் சதை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் மறுநாளே குளிர்காய்ச்சல், ரத்தத்தில் கிருமி, ஐந்து நாள் ஐசியூ. வயதில் புராஸ்டேட் வீங்கினாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும்கூட பிஎஸ்ஏ ஏறும். 4-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு பயாப்ஸி செய்தால் நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் தெரியவரும். மீதி மூவரில் ஒருவர் எங்கள் பெரியப்பா.

பாளையங்கோட்டையில் பார்த்த இன்னொரு யூராலஜிஸ்ட் அப்பாவை வற்புறுத்தவில்லை. "ஐயா, இன்னொரு தடவை ரத்தம் மட்டும் குடுங்க" என்றார். பிஎச்ஐ என்று ஒரு டெஸ்ட்; அமெரிக்காவில் 2012-லேயே அனுமதி கிடைத்தது. இங்கே எல்லா லேபிலும் கிடையாது. ரத்தம் எடுத்த 3 மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரித்து, குளிரில் வைத்து வெளியூருக்கு அனுப்பினார்கள்.

ரிப்போர்ட்டில் மூன்று எண்கள். மொத்த பிஎஸ்ஏ 7.84. வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் ஃப்ரீ பிஎஸ்ஏ 0.98. புற்றுநோய் இருந்தால் கூடுதலாகச் சுரக்கும் புரோபிஎஸ்ஏ என்ற வகை 15.4; இது மட்டும் மற்ற இரண்டைவிட ஆயிரம் மடங்கு சிறிய அலகில். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்து, முதல் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவதுதான் பிஎச்ஐ என்று டாக்டர் சொன்னதும், முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா பேனாவை எடுத்துவிட்டார். கவரின் பின்பக்கம் எழுதினார். "7.84-க்கு 2.8. அப்போ 44 வருது."

27-க்குக் கீழே என்றால் பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும். 36-லிருந்து 55 வரை என்றால் மூன்றில் ஒருவருக்கு. அப்பா கொஞ்ச நேரம் அந்த 44-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணுல ஒண்ணுன்னா பாத்துரணும்லா" என்றார். நான் ஒரு மாசமாகக் கெஞ்சியும் நடக்காதது அது.

எம்ஆர்ஐயில் சின்னதாக ஒரு இடம் சந்தேகமாகத் தெரிந்தது. பயாப்ஸியை இந்த முறை ஆசனவாய் வழியாகச் செய்யாமல் விரைக்குப் பின்னால் தோல் வழியாகச் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். அதில் கிருமித் தொற்று குறைவு. புற்றுநோய்தான்; அதன் தீவிரத்தைச் சொல்லும் க்ளீசன் மதிப்பெண் 3+4, நடுத்தரம். வெளியே பரவவில்லை. போன வைகாசியில் ஆபரேஷன் முடிந்தது.

அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வாய்ப்பு கூடுதல். எனக்கு 43. போன் பண்ணும்போதெல்லாம் முதல் கேள்வி, "ரத்தம் குடுத்தியாலே?" போன வாரம் கொடுத்துவிட்டேன். பிஎஸ்ஏ 0.9.