சின்ன ஊர்ல வேப் கடை: டிவைஸ் இல்ல, காயில்தான் வாடகை கட்டும்

வேப், அதாவது இ-சிகரெட் கடை போடலாமான்னு யோசிக்கிறவங்ககிட்ட பேசினா பத்துல ஒம்போது பேரு முதல்ல கேக்குறது எந்த டிவைஸ் நல்லா போகும், எந்த கலர் அடுக்கலாம்ங்கறதுதான். டவுன்ல மெயின் ரோட்டுல கடைன்னா அந்தக் கேள்வி ஓகே, தினம் புதுப்புது முகம் உள்ள வரும். கிராமத்துப் பக்கம் அப்படி இல்ல, சுத்துவட்டாரத்துல சிகரெட்ட விடணும்னு நினைக்கிற பெரியவங்க எத்தனை பேரோ அவ்வளவுதான் மொத்த வியாபாரமும், அதுக்கு மேல ஒரு ஆள் கூட வானத்துல இருந்து குதிக்க மாட்டாரு. டிவைஸ் ஒருதடவ வாங்குனா ரொம்ப நாள் ஓடும். காயிலும் (லிக்விட சூடாக்கி ஆவியாக்குற சின்ன கம்பிச்சுருள், அப்பப்ப மாத்தணும்) லிக்விடும்தான் அந்த ஆளை வாராவாரம் திருப்பிக் கூட்டிட்டு வரும். நான் இந்த மாதிரி ஒரு சின்ன கடை கவுண்டர்ல நின்னு பாத்ததுல சொல்றேன், வாடகை, கரண்ட் பில் எல்லாம் காயில் காசுலதான் கட்டுறது.

அதுக்கு முன்னாடி சட்டம். இத மொதல்ல பாக்காம கடைக்கு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. இந்தியாவுல யோசிக்கிறீங்கன்னா இதோட படிக்கிறத நிறுத்திடலாம், 2019 சட்டப்படி தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், ஸ்டாக் வெக்கிறது எல்லாமே தடை, வித்து முதல்தடவ மாட்டுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டுமே, திரும்ப மாட்டுனா 3 வருஷம், 5 லட்சம் வரைக்கும் போகும். சிங்கப்பூர்ல 2018 பிப்ரவரில இருந்து கையில வெச்சிருக்குறதே குத்தம். ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலைல இருந்து மருந்துக்கடைல மட்டும்தான் விக்க முடியும், அதனால வேப் கடைங்கற ஐட்டமே அங்க காலி. மலேசியாவுல 2024 அக்டோபர்ல புதுச்சட்டம் வந்துச்சு, ஆனா சில மாநிலங்கள்ல விக்கவே கூடாதுன்னு இருக்கு, அதனால எந்த மாநிலம்னு பாத்துட்டுதான் அடுத்த பேச்சு. அமெரிக்காவுல 21 வயசு ஆகணும், அதுவும் எஃப்டிஏங்கற உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்போட அனுமதி உள்ள பொருள்தான் சட்டப்படி விக்கலாம், அந்த லிஸ்ட் ரொம்ப சின்னது. ஐரோப்பிய யூனியன்லயும் பிரிட்டன்லயும் நிக்கோட்டின் லிக்விட்னா மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல கூடாது, பாட்டில் 10 மில்லி, டிவைஸ்ல லிக்விட் ஊத்துற டேங்க் 2 மில்லி, அவ்வளவுதான்.

சரி, உங்க இடத்துல அனுமதி இருக்கு, லைசென்ஸ் வேணும்னா அதையும் வாங்கியாச்சுன்னு வெச்சுக்குவோம். இப்ப ஸ்டாக். ஹோல்சேல்காரங்க காட்டுற கேட்லாக்க பாத்தா தல சுத்தும், ஒவ்வொரு கம்பெனியும் மாசத்துக்கு ஒரு மாடல் விடுறான், ஒவ்வொண்ணுக்கும் தனி பாட் (லிக்விட் ஊத்துற, கழட்டி மாட்டுற சின்ன டப்பா), தனி காயில். பத்து மாடல் வாங்கி அடுக்குனீங்கன்னா பத்து மாடலுக்கும் காயில் வெக்கணும், ஒவ்வொரு காயில்லயும் 0.6 ஓம், 0.8 ஓம், 1.2 ஓம்னு மூணு வகை, ஆக முப்பது டப்பா, அதுல பாதி ஷெல்ஃப்ல தூசி புடிச்சு கெடக்கும். அதனால ஒரே காயில் பொருந்துற டிவைஸா பாத்து மூணு இல்ல நாலு எடுங்க, போதும். கடை சின்னதா தெரியுமேன்னு கவலப்படாதீங்க. சிகரெட்ட விட்டு ரெண்டு வாரம் ஆன ஒருத்தரு காயில் கருகிப்போய் வந்து நிக்கும்போது "ஸ்டாக் இல்லங்க, வியாழக்கிழமை வரும்"னு சொன்னீங்கன்னா அவரு வியாழக்கிழமை வரைக்கும் காத்துட்டு இருக்க மாட்டாரு, போற வழியில பெட்டிக்கடைல ஒரு பாக்கெட் வாங்கிட்டுப் போயிடுவாரு. உங்களுக்கு ஒரு கஸ்டமர் போச்சு, அவருக்கு ரெண்டு வார பாடு போச்சு. ஒரு நோட்டு போட்டு யாரு எந்த காயில் யூஸ் பண்றாங்கன்னு எழுதி வெச்சுட்டா ஆர்டர் போடுறது ரொம்ப ஈஸி, சாஃப்ட்வேர்லாம் வேணாம்.

காயில் பத்தி இன்னும் கொஞ்சம், ஏன்னா பாதி கம்ப்ளெயின்ட் இதுலதான் வரும். புதுசா வாங்கிட்டுப் போனவரு மறுநாளே வந்து "தம்பி, கருகுன வாடை வருது, மெஷின் சரியில்ல"ம்பாரு. மெஷின் நல்லாத்தான் இருக்கும். பாட்ட கழட்டி காயில உருவிப் பாத்தா உள்ள பஞ்சு காப்பிக்கொட்டை கலர்ல இருக்கும், லிக்விட் ஊத்துன கையோட இழுத்திருக்காரு, பஞ்சு நனையவே இல்ல, காஞ்ச பஞ்சு எரிஞ்சிருக்கு. அதனால விக்கும்போதே அவரு முன்னாடி செஞ்சு காட்டணும்: காயில் பக்கவாட்டு ஓட்டைல தெரியுற பஞ்சு மேல ரெண்டு மூணு சொட்டு விடணும், அப்புறம் பாட்ட நிரப்பி ஒரு பத்து நிமிஷம் சும்மா வெக்கணும், அதுவரைக்கும் பேச்சுக் குடுங்க, கிராமத்துல அதுக்கா பஞ்சம். ஆரம்பத்துல குறைஞ்ச வாட்ல இழுக்கச் சொல்லணும். இன்னொண்ணு, ரொம்ப இனிப்பான லிக்விட்ல சுக்ரலோஸ் இருக்கும், அது காயில் மேல அடுப்புல பொங்குன பாகு மாதிரி கட்டிக்கும், ரெண்டு வாரம் வர வேண்டிய காயில் நாலு நாள்ல போயிடும். காயில் நிறைய விக்குதுன்னு சந்தோஷப்படுற ஆளும் இருக்காங்க, எனக்கு அது புடிக்கல, செலவு ஜாஸ்தியாகுதுன்னு அவரு மறுபடி சிகரெட்டுக்கே போயிடுவாரு.

லிக்விட்ல யாருக்கு என்னன்னு தெரிஞ்சு குடுக்கணும். கிராமத்துல வர்றவங்க பெரும்பாலும் நடுத்தர வயசு, இருபது முப்பது வருஷமா புகைக்கிறவங்க, அவங்களுக்கு புகை மேகமா வந்து என்ன ஆகப்போகுது, தொண்டைல அந்தப் பிடிப்பு வேணும், அவ்வளவுதான். இறுக்கமா வாயில இழுத்து அப்புறம் உள்ள வாங்குற டைப் பாட், லிக்விட்ல பிஜியும் (புரொப்பிலீன் கிளைக்கால்) விஜியும் (வெஜிடபிள் கிளிசரின்) பாதிக்குப் பாதி, நிக் சால்ட்ங்கற உப்பு வடிவ நிக்கோட்டின் மில்லிக்கு 20 இல்ல 10 மில்லிகிராம், இதுலயே முக்காவாசிப் பேரு அடங்கிடுவாங்க. பெரிய டேங்க், விஜி 70 லிக்விட் கேக்குற பசங்க அங்கங்க இருப்பாங்க, அவங்களுக்கு பிரிட்டன் மாதிரி இடத்துல ஷார்ட்ஃபில் விக்கிறாங்க, அதாவது நிக்கோட்டின் இல்லாத 50 மில்லி லிக்விட், மேல கொஞ்சம் எடம் விட்டிருக்கும், அதுல மில்லிக்கு 18 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்குற நிக் ஷாட்ங்கற சின்ன பாட்டில் 10 மில்லி ஊத்தி குலுக்குனா 60 மில்லிக்கு 180 மில்லிகிராம், வகுத்தா மில்லிக்கு 3. இந்தக் கணக்க கவுண்டர்ல நிக்கிற எல்லாருக்கும் மனப்பாடமா சொல்லிக்குடுங்க. ஃபிளேவர்ல புகையிலை, மெந்தால், ரெண்டு மூணு பழம், போதும். அப்புறம் கண்ணாடி ஜன்னல்ல பாட்டில அழகா அடுக்கி வெக்காதீங்க, வெயிலும் சூடும் பட்டா நிக்கோட்டின் ஆக்ஸிஜனோட சேந்து பழுப்பாயிடும், அப்புறம் எவனும் வாங்க மாட்டான். தேதியும் பாருங்க, மெதுவா ஓடுற கடைல தேதி முடிஞ்ச பாட்டில்தான் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்.

வயசு விஷயம். சின்ன ஊர்ல எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க, இது லாபம்னு நினைப்பீங்க, ஆனா இதுலதான் தர்மசங்கடமே. பன்னெண்டாவது படிக்கிற பையன் வந்து "அண்ணே, அப்பாவுக்குத்தான்"ம்பான், அவங்க அப்பாவ உங்களுக்கு நல்லாத் தெரியும், அவரு வேப் யூஸ் பண்றதும் தெரியும். குடுக்கக்கூடாது. அப்பாவே வரட்டும்னு அனுப்பிடுங்க, அவரு கோச்சுக்கிட்டாலும் பரவால்ல. பெரியவன் ஒருத்தன் வாங்கி வெளிய நிக்கிற சின்னப்பசங்களுக்கு கைமாத்துறதும் நடக்கும், ஒரே ஆள் ஒரே வாரத்துல நாலு கிட் வாங்குனா கேளுங்க, பதில் சரியில்லன்னா விக்காதீங்க. யாருக்கு இல்லன்னு சொல்லி அனுப்புனீங்கன்னு தேதியோட ஒரு ரெஜிஸ்டர் வெச்சா இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது உதவும். சட்டம் இருக்கட்டும், ஒரு ஸ்கூல் பையன் பையில உங்க கடை கவர் கெடச்சுதுன்னா ஊர் முழுக்க ஒரே நாள்ல பரவிடும், அப்புறம் ஷட்டர இழுத்து விட வேண்டியதுதான்.

டிஸ்போசபிள நம்பி கடை போடாதீங்க. பிரிட்டன்ல 2025 ஜூன் 1ல இருந்து ஒருதடவ யூஸ் பண்ணிட்டு தூக்கிப்போடுற வேப்ப விக்கவே கூடாதுன்னு ஆக்கிட்டாங்க, பெல்ஜியத்துல அந்த வருஷம் ஜனவரிலயே தடை வந்துடுச்சு. ரெண்டு மூணு வருஷமா கவுண்டர் முழுக்க அதையே அடுக்கி வெச்சு ஓட்டுன கடைங்க திடீர்னு காலி ஷெல்ஃபோட நின்னுச்சு, ரீஃபில் கிட் விக்கத் தெரிஞ்ச கடைக்கு பெருசா அடி இல்ல.

பேட்டரிய கவனிங்க. 18650ங்கற உருளை பேட்டரி தனியா போடுற டிவைஸ் வெச்சிருக்கவங்க கடைக்கு வந்தா கழட்டிக் காட்டச் சொல்லுங்க. மேல பிளஸ் பக்கத்துல ஒரு வெள்ளை ரிங் இருக்கும், அத ஒட்டி பிளாஸ்டிக் உறை கிழிஞ்சிருந்துச்சுன்னா ஷார்ட் ஆக சான்ஸ் இருக்கு, அத வெறுமனே பேன்ட் பாக்கெட்ல சாவியோட போட்டுக்கிட்டு சுத்துறவங்க இருக்காங்க, நினைச்சாலே பயமா இருக்கும். உறை மாத்துறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, ஹீட் ஷ்ரிங்க் உறையும் ஹேர் டிரையரும் போதும். பழைய பேட்டரி வாங்கி வெக்க ஒரு டப்பா வெச்சா அதுக்காகவே கடைக்குள்ள வருவாங்க.

காசு வாங்குறதுலயும் ஒரு தலைவலி இருக்கு. வேப்னாலே ஹை ரிஸ்க்னு கார்டு மெஷின் கம்பெனிங்க பலது அக்கவுன்ட் தராது, சிலது குடுத்துட்டு பாதில நிறுத்திடும், இன்சூரன்ஸும் அப்படித்தான், கடை தொறக்குறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிக்குங்க. ஆன்லைன்ல விளம்பரம் பண்றது நிறைய இடத்துல தடை, ஃபேஸ்புக், இன்ஸ்டால பணம் கட்டுனாலும் போடமாட்டாங்க. அமெரிக்காவுல 2021 அக்டோபர்ல இருந்து சாதாரண கஸ்டமருக்கு தபால்லயும் அனுப்ப முடியாது. ஒரு விதத்துல இதெல்லாம் கிராமத்துக் கடைக்கு நல்லதுதான், பெரிய ஆன்லைன் கடைக்காரனால உங்க ஆளோட காயில கழட்டிப் பாக்க முடியாதுல்ல.

உடம்புக்கு நல்லதான்னு கண்டிப்பா கேப்பாங்க. நல்லதுன்னு சொல்லாதீங்க, நிக்கோட்டின் அடிமையாக்கும், இது காத்து இல்ல. சிகரெட்ட நிறுத்துறதுக்கு நிக்கோட்டின் பேட்ச், சூயிங் கம் இதையெல்லாம் விட நிக்கோட்டின் வேப் கூடுதலா உதவுதுன்னு, மருத்துவ ஆய்வுகள திரட்டி அலசுற காக்ரேன் அமைப்போட ஆய்வுத்தொகுப்பு 2022ல சொல்லுச்சு, ஆனா கடைக்காரன் மருந்து மாதிரி பேசி விக்கக்கூடாது, பல இடத்துல அது சட்டப்படியே தப்பு. 2019ல அமெரிக்காவுல நுரையீரல் பாதிச்சு நிறைய பேரு ஆஸ்பத்திரி போனது பத்தியும் கேப்பாங்க, அதுக்கு முக்கியக் காரணம் கள்ளச்சந்தை கஞ்சா கார்ட்ரிட்ஜ்ல கலந்த வைட்டமின் ஈ அசிடேட்னு கண்டுபுடிச்சாங்க, அதனாலதான் பில்லு இல்லாத சரக்க வாங்கவே கூடாதுங்கறேன். சிகரெட் புடிக்காத ஆளு சும்மா ட்ரை பண்ணலாம்னு வந்தா வேணாம்னு அனுப்பிடுங்க.

ஆள் கம்மியா இருக்குற இடம்னா தனி வேப் கடைன்னு போடுறத விட போன் ரிப்பேர் மாதிரி எதோடயாவது சேத்து ஆரம்பிக்கலாம், ஆனா பசங்க வந்து போற மிட்டாய், ஸ்டேஷனரி கடையோட மட்டும் வேணாம். தொறக்குற நேரம் வேலைக்குப் போறவங்க திரும்பி வர்ற சாயங்காலத்துக்கு ஒத்துவரணும். கையில இருக்குற காசுல பெரும்பங்க போர்டுக்கும் லைட்டுக்கும் கொட்டாம ரெண்டாவது மாச ஸ்டாக்குக்கு எடுத்து வெச்சுக்குங்க, முதல் மாசம் டிவைஸ் வாங்குனவங்க எல்லாரும் அப்பத்தான் காயில் கேட்டு வருவாங்க.