மே மாதத்திலும் குளிர்

ரொறன்ரோவில் மே மாதம் பிறந்து ஒரு வாரம் கடந்த பின்னரும், மடித்து உள்ளே வைத்த குளிர்கால ஜக்கெற்றை இன்று காலை மறுபடியும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. நேற்று மதியம் வெயில் நன்றாக எறித்ததை நம்பி, குளிர்காலம் முழுவதும் யன்னலோரம் வைத்துப் பேணிய கறிவேப்பிலைச் செடியை முற்றத்துக்குக் கொண்டுபோனேன். இரவில் வெப்பநிலை பூச்சியத்தைத் தொட்டதில், துளிர்த்திருந்த நுனிக் கொழுந்துகள் விடியும்போது கறுத்துச் சுருண்டு கிடந்தன. உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம் தெற்கே வளையும்போது ஆர்க்டிக் குளிர் எங்கள் பக்கம் இறங்கி வருவதும், ஒன்ராறியோ ஏரியின் நீர் இன்னும் சூடேறாததால் கிழக்குக் காற்று வீசும் நாட்களில் கரையோரம் மேலும் சில பாகை குளிர்வதும் இங்கே புதிதல்ல; 2020 மே மாதத்தில் பனியே தூவியது. விக்டோரியா நாளுக்கு, அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமைக்கு முன்னர் தக்காளி, மிளகாய்க் கன்றுகளை நிலத்தில் நடக் கூடாதென்று பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். நானும் ஒவ்வோர் ஆண்டும் தலையாட்டுவேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், கறிவேப்பிலையின் அடித்தண்டு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது.