லேவுக்கு எந்த வழியாக ஏறுவது?

வருகிற ஜூலையில் தம்பியும் நானும் காரில் லடாக் செல்லவிருக்கிறோம். மூன்று வாரங்களாக வரைபடத்தை விரித்து வைத்துப் பேசி, ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

இரு சாலைகளும் அழகானவைதாம்; எங்கள் கவலையெல்லாம் மூச்சைப் பற்றியது. ஸ்ரீநகர் சாலையின் உயரமான கணவாயான ஃபோட்டு லா ஏறத்தாழ 4,100 மீட்டர் என்றாலும், அதற்கு முன் 2,700 மீட்டருக்கும் தாழ்வான கார்கிலில் ஓர் இரவு உறங்கலாம் என்பதால், உடல் மெல்லப் பழகிக்கொள்ளும். மணாலியிலிருந்து ஏறுபவர்களில் பலர் 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் தங்கி, தலைவலியோடு விழிக்கிறார்கள்.

லேயில் இரண்டு நாள் முழு ஓய்வு. நாள் போதவில்லையென்று இதை மட்டும் யாரும் குறைத்துவிட வேண்டாம். திரும்பும்போது 5,300 மீட்டருக்கு மேல் நிற்கும் தங்லங் லாவைக் கடந்து, மோரே சமவெளியில் ஓடி, காட்டா வளைவுகளின் 21 கொண்டையூசித் திருப்பங்களில் இறங்குவோம். பனி உருகி வரும் ஓடைகள் பிற்பகலில் பெருகிச் சாலையை மறிக்கும் என்பதால், பாராலாச்சா லாவைக் காலையிலேயே தாண்டிவிட வேண்டும்.

லேயை விட்டால் நெடுந்தூரத்துக்கு பெட்ரோல் பங்க்கை நம்ப முடியாது. அதற்காக வாங்கிய இரண்டு கேன்களிலும் தம்பி தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் இரவு முழுதும் கவிழ்த்து வைத்திருந்தான். காலையில் ஒன்றின் மூடிக்கடியில் தாள் நனைந்திருந்தது, அதை மாற்றியாக வேண்டும்.